பதக்கத்தைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள்

சிறிய அருங்காட்சியகங்களைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளர்களுக்கும், சம்பளம் எதுவும் இல்லாமல் ஓய்வு நாளில் வந்து பூட்டைத் திறந்துவிடும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம். இது குறை சொல்லும் மடல்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் மேல் கோபம் இல்லை. பெரிய அருங்காட்சியகங்களில் பதக்கம் பார்க்கப் போனால் தளபதிகளின் மார்பை நிறைத்த நட்சத்திரங்கள்தான் வரிசையாக இருக்கும், எனக்கு அதில் அவ்வளவு ஆர்வம் கிடையாது. ஒரே ஓர் அறை, இரண்டு கண்ணாடிப் பெட்டி, வருகைப் பதிவேடு ஒன்று என்று இருக்கும் உங்கள் இடங்களில்தான் தீயணைப்பு வீரரும் செவிலியரும் தபால்காரரும் ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்த பெண்ணும் கிடைக்கிறார்கள். அந்த ஆட்களைத் தேடித்தான் நான் வருகிறேன், அவர்களைத்தான் காணவில்லை.

சில மாதங்களுக்கு முன் இப்படி ஓர் அறையில் நின்றிருந்தேன். பெட்டிக்குள் பதினொரு பதக்கங்கள், எல்லாம் ராஜா தலை மேலே தெரிய மல்லாந்து கிடந்தன. பக்கத்தில் அட்டை: "பதக்கங்கள், பலவகை". அவ்வளவுதான். காப்பாளரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், அவர் நல்ல மனிதர், உடனே சாவி எடுத்து வந்தார். ஒரு வெள்ளிப் பதக்கத்தைச் சாய்த்துப் பிடித்தால் அதன் விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் வரிசையாக அச்சாகியிருக்கிறது. "இத்தனை வருஷம் இதைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லையே" என்றார். துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்றாரே, அதற்கு அப்புறம் வருகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. விளிம்பைப் படியுங்கள், படித்ததை அட்டையில் எழுதுங்கள். ராஜா தலை எல்லாப் பதக்கத்திலும் ஒன்றுதான், லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளியது. வாங்கியவர் யார் என்பது விளிம்பில்தான் இருக்கிறது. 1815 வாட்டர்லூ போருக்காக பிரிட்டன் கொடுத்த பதக்கத்திலேயே இந்தப் பழக்கம் உண்டு, தளபதியிலிருந்து கடைசிச் சிப்பாய் வரை எல்லோருக்கும் ஒரே பதக்கம், அவரவர் பெயர் விளிம்பில். முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கத்திலும் வெண்கல வெற்றிப் பதக்கத்திலும் அப்படியே. அதே போருக்கான 1914-15 நட்சத்திரத்துக்கு அகலமான விளிம்பு இல்லை, அதனால் பெயர் அதன் முதுகில் இருக்கும். இரண்டாம் உலகப் போர் வந்தபோது பிரிட்டன் செலவை மிச்சம் பிடிக்கப் பெயர் பொறிக்காமலேயே கொடுத்துவிட்டது, ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் பொறித்தன. ஆக, எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

இதெல்லாம் எங்காவது கோப்பில் இருக்குமே, பதக்கத்தில் எதற்குத் தேட வேண்டும் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கோப்பு எரிந்துவிட்டது, அதுதான் பதில். 1940 செப்டம்பரில் லண்டனில் குண்டு விழுந்து முதல் உலகப் போர் வீரர்களின் பணிப் பதிவுகளில் பாதிக்கு மேல் சாம்பலானது. 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீ 1.6 முதல் 1.8 கோடி கோப்புகளை விழுங்கியது. பிரிட்டனில் முழுதாகத் தப்பியது யாருக்கு எந்தப் பதக்கம் என்று எழுதி வைத்த அட்டைகளும் பட்டியல்களும்தான். அவற்றில் ஆளைத் தேட வேண்டுமென்றால் கையில் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் இருக்க வேண்டும், அந்த மூன்றும் உங்கள் பெட்டிக்குள் தலைகீழாகக் கிடக்கிறது.

உலோகமும் பேசும். முன்னே சொன்ன முதல் உலகப் போர்ப் பதக்கம் 60 லட்சத்துக்கும் மேல் வெள்ளியில் அடிக்கப்பட்டது, அதே பதக்கம் வெண்கலத்திலும் அடிக்கப்பட்டது, ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டும். வெண்கலம் யாருக்கு? சீன, இந்திய, மால்டா தொழிலாளர் படைகளில் மண் வெட்டியவர்களுக்கும் மூட்டை தூக்கியவர்களுக்கும். போர் ஒன்று, ராஜா தலை ஒன்று, உலோகம் மட்டும் வேறு. இதைக் கண்ணாடிக்குள் "போர்ப் பதக்கம், வெண்கலம்" என்று எழுதிவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. இன்னொன்று, உங்களிடம் வெற்றிப் பதக்கம் மட்டும் தனியாக இருந்தால் அதன் ஜோடியான வெள்ளிப் பதக்கம் எங்கே என்று யோசியுங்கள். வெள்ளிப் பதக்கம் ஏறக்குறைய ஓர் அவுன்ஸ் எடை, 1980 தொடக்கத்தில் வெள்ளி விலை அவுன்ஸுக்கு 50 டாலர் பக்கம் ஏறியபோது நிறைய பதக்கங்கள் உருக்கும் உலைக்குப் போயின. பெயர் பொறித்த வெள்ளி போய்விட்டது, விலை போகாத வெண்கலம் தங்கிவிட்டது. அதுவே ஒரு கதைதான், அட்டையில் இரண்டு வரி போதும்.

சரி, துடைக்கிற விஷயம். தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். உங்களுக்கு அது மரியாதை, பதக்கத்துக்கு அது அரம். உலோக பாலிஷில் இருப்பது நுண்ணிய தேய்ப்புத் தூள், ஒவ்வொரு முறையும் ஒரு படலம் போகும், எழுத்துகள் முதலில் மழுங்கும். நான் பார்த்த பதினொன்றில் மூன்றின் விளிம்பு கிட்டத்தட்ட வழவழ. வெள்ளி கறுத்துப்போவது காற்றிலுள்ள கந்தகம் பட்டு வரும் மெல்லிய பூச்சு, அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். வேகமாகக் கறுக்கிறது என்றால் பெட்டியைச் சந்தேகப்படுங்கள். அடியில் விரித்த கம்பளித் துணி, மூடியில் ஒட்டிய ரப்பர் இரண்டும் கந்தகம் விடும். ஓக் மரப் பெட்டி அமில ஆவி விடும், ஈயம் கலந்த பேட்ஜ்கள் அதில் வெளுத்துப் பொரியும். பி.வி.சி. உறைகள் நாளானால் பிசுபிசுத்து செம்பு, வெண்கலத்தின் மேல் பச்சை பூசிவிடும். வெண்கலத்தில் வெளிர் பச்சைத் தூள் உதிர ஆரம்பித்தால் அது வேறு, உப்புச் சத்து உள்ளே ஏறி ஈரப்பதத்தில் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள், அதை உடனே தனியாக எடுத்து நல்ல வறட்சியான இடத்தில் வைத்துவிட்டுத் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், நைட்ரைல் கையுறை போதும்.

நாடாவையும் மறந்துவிடாதீர்கள். எந்தப் பதக்கம் என்று தூரத்திலிருந்தே சொல்வது அதன் வண்ணக் கோடுகள்தான், ஜன்னல் வெயிலில் வைத்தால் சில வருடத்தில் எல்லாம் ஒரே பழுப்பு. கந்தல் நாடாவை எடுத்துவிட்டுப் புதுசு மாட்டுவது இன்னும் மோசம். அதில் குத்திய ஊசித் துளையும் ஒட்டுத் தையலும் அந்த ஆள் அதை அணிந்தார் என்பதற்குச் சாட்சி. வரிசையையும் திருத்தாதீர்கள். விதிப்படி எது முன்னால் வரவேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, எனக்குத் தெரியும், ஆனால் அவர் மனைவி தப்பான வரிசையில் தைத்துக் கொடுத்து அவர் அப்படியே முப்பது வருடம் போர் வீரர்களின் நினைவு நாளுக்குப் போயிருந்தால் அந்தத் தப்புதான் உங்களிடம் உள்ள ஆவணம். விதியை அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயரே இல்லாதவற்றை என்ன செய்வது? இங்கேதான் உங்கள் வேலை கனமானது. பேட்ஜ்களில் பெரும்பாலும் பெயர் இருக்காது, ஆனால் சிலவற்றின் முதுகில் எண் இருக்கும். முதல் உலகப் போரில் காயத்தாலோ நோயாலோ விடுவிக்கப்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு 1916 முதல் ஒரு வெள்ளி பேட்ஜ் கொடுத்தார்கள். சாதாரண உடையில் தெருவில் போகும் இளைஞனைக் கோழை என்று நினைத்து வெள்ளை இறகு நீட்டும் கூட்டம் இருந்த காலம், "நான் போய் வந்தவன்" என்று வாய் திறக்காமல் சொல்ல அந்த பேட்ஜ். பத்து லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் எண், அந்த எண்களுக்குப் பட்டியல் இருக்கிறது. பின்னூசியைத் துருப்பிடித்த குப்பை என்று நினைத்து முன்பக்கம் மட்டும் காட்டினால் ஆள் போய்விட்டார்.

பிரிட்டனில் பெண்கள் வாக்குரிமைக்காகச் சிறையில் உண்ணாவிரதம் இருந்தவர்களுக்கு அவர்களுடைய சங்கமே 1909 முதல் பதக்கம் கொடுத்தது. மேல் பட்டையில் "வீரத்துக்காக", வட்டத்தில் "உண்ணாவிரதம்", பின்பக்கம் பெண்ணின் பெயர். அரசு கொடுத்ததல்ல, அரசு பிடித்து உள்ளே போட்டதற்குக் கொடுத்தது. இப்படி சங்கமும் பள்ளியும் தொழிற்சாலையும் ரத்த வங்கியும் கொடுத்தவை உங்கள் இழுப்பறைகளில் எவ்வளவு கிடக்கும்! ஒரு நாளும் தவறாமல் பள்ளிக்கு வந்ததற்கான பதக்கத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், காய்ச்சலோடு வந்திருக்குமே அந்தக் குழந்தை என்று வருத்தமும் வரும். இவற்றை வெளியே எடுங்கள். (பழைய பொத்தான் பேட்ஜ்களை மட்டும் தனிப் பெட்டியில் வையுங்கள். மேலே இருக்கும் செல்லுலாய்டு அழியும்போது விடும் ஆவி பக்கத்திலுள்ள உலோகத்தையும் அரிக்கும்.)

ஒரு குடும்பம் கொண்டுவந்து கொடுக்கும்போது அந்த மேசையிலேயே கேட்டுவிடுங்கள். யாருடையது, எதற்குக் கிடைத்தது, வீட்டில் எங்கே வைத்திருந்தார்கள், அவர் அதைப் போட்டுக்கொள்வாரா, பெட்டியிலேயே பூட்டி வைத்திருந்தாரா. கொடுக்க வந்த மகள் போனபிறகு இந்த விவரம் எந்தக் காப்பகத்திலும் கிடைக்காது. பெருமையான பதில்தான் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், "அப்பா அதைத் தொட்டதே இல்லை" என்பதும் எழுதத் தகுந்த பதில்தான்.

கையோடு முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு மூன்றையும் கைபேசியில் படமெடுத்துப் பதிவேட்டோடு சேர்த்துவிடுங்கள். 2007 டிசம்பரில் நியூசிலாந்தின் வையூரு ராணுவ அருங்காட்சியகத்தில் 96 பதக்கங்கள் திருட்டுப் போயின, பிரிட்டிஷ் வீர விருதுகளில் உச்சமான விக்டோரியா சிலுவைகள் ஒன்பதும் அதில் அடக்கம். இரண்டரை மாதத்தில் திரும்பக் கிடைத்தன. அவை உலகமே அறிந்த பதக்கங்கள், உங்களுடையதை யார் அடையாளம் சொல்லப் போகிறார்கள், படம் இல்லாவிட்டால்? பயந்துபோய் நகலை வைத்தால் நகல் என்று எழுதிவிடுங்கள். அதேபோல விளையாட்டுப் பதக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு "தங்கம்" என்று எழுத வேண்டாம், ஒலிம்பிக்கிலேயே 1912க்குப் பிறகு முழுத் தங்கம் கிடையாது, வெள்ளி மேல் முலாம்தான். சோதிக்கிறேன் என்று சுரண்டவும் வேண்டாம்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பீர்கள். ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பென்சில், சாய்த்து நிறுத்த ஒரு தாங்கி, பின்பக்கம் தெரிய அடியில் சின்னக் கண்ணாடித் துண்டு. அட்டை கையெழுத்தில் இருந்தால் என்ன, எங்களுக்குப் படிக்கத் தெரியும்.

அந்தப் பதினொரு பதக்கங்களின் காப்பாளர் இதைப் படிக்கிறார் என்றால், ஐயா, மேல் தட்டில் இடமிருந்து நான்காவது. அவசரத்தில் அன்று நாம் அதை முழுதாகத் திருப்பவில்லை. பெயர் தேய்ந்துவிட்டது, ஆனால் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களும் படைப்பிரிவின் முதல் இரண்டு எழுத்துகளும் எனக்குத் தெரிந்தன. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், மீதியும் தெரியலாம்.