கொல்லைப்புறமாக வரும் கட்டணம்: ட்ராய் அமைப்புக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2015-இல் ஓடிடி சேவைகள், அதாவது இணையத்தின் வழியே கிடைக்கும் வீடியோ, மெசேஜ் போன்ற சேவைகள் பற்றி நீங்கள் வெளியிட்ட ஆலோசனைத் தாளுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. அவற்றில் என்னுடையதும் ஒன்று. அடுத்த ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி, எந்தத் தளம், எந்தச் செயலி என்று பார்த்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது என்று விதி போட்டீர்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புவரை சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்காக ஃபேஸ்புக் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரங்களாகக் கொடுத்துத் தள்ளியது. அதற்கெல்லாம் நீங்கள் வளைந்து கொடுக்கவில்லை. அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

அன்று நீங்கள் வாசலில் தடுத்து நிறுத்தியதைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கொல்லைப்புறமாகக் கொண்டுவரப் பார்க்கின்றன. இந்த முறை அதற்குப் பெயர் ‘நியாயமான பங்கு’. வீடியோ, மெசேஜ் சேவை நடத்தும் பெரிய நிறுவனங்கள் நெட்வொர்க்கை நிறைக்கின்றன, அதனால் அவை தங்களுக்குப் பணம் தர வேண்டும் என்கிறார்கள். 2023-இல் நீங்கள் நடத்திய ஆலோசனையின்போதும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கமான சிஓஏஐ இதைத்தான் வலியுறுத்தியது.

நெட்வொர்க்கை நிறைப்பது யார்? நான் ஒரு வீடியோவைத் தொட்டதும் என் போன் சர்வரிடம் முதல் சில நொடிகளுக்கான துண்டைக் கேட்கிறது. அது வந்ததும் அடுத்த துண்டைக் கேட்கிறது. சிக்னல் மந்தமானால், தரம் குறைந்த துண்டாகப் பார்த்துக் கேட்டு வாங்குகிறது. கேட்பது என் பக்கம்தான். வந்து சேரும் ஒவ்வொரு எம்பியும் என் பேக்கில் நாளொன்றுக்கு உள்ள 1.5 ஜிபியில் கழிகிறது. அது தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடுகிறது. அப்புறம் ஒரு போட்டோ திறப்பதே பெரும்பாடு. ஆக, அந்த வீடியோ வந்த வழிக்கு நான் ரீசார்ஜ் செய்தபோதே பணம் கட்டியாயிற்று. அதே டேட்டாவுக்கு மறுபக்கத்திலும் ஒருமுறை வசூலிப்பதில் என்ன நியாயம், என்ன பங்கு?

அந்தப் பக்கம் இருப்பவர்களும் ஓசியில் அனுப்பவில்லை. தங்கள் இணைப்புக்கு அவர்கள் தனியாகப் பணம் கட்டுகிறார்கள். பலர் பார்க்கும் வீடியோக்களின் நகலை வைத்திருக்கும் சர்வர்களைப் பெரிய நிறுவனங்கள் இணையச் சேவை நிறுவனங்களின் வளாகத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கின்றன. ஒவ்வொரு முறையும் கடல் கடந்து போய் எடுத்துவர வேண்டியதில்லை. இதில் சேவை நிறுவனத்துக்கும் செலவு மிச்சம்தான்.

இந்தக் கட்டணம் என்ன செய்யும் என்பதற்குத் தென்கொரியாவைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு டேட்டா போனால், அனுப்பிய நிறுவனம் பணம் தர வேண்டும் என்று 2016-இல் அங்கே விதி வந்தது. மக்கள் அதிகம் விரும்பும் சேவையைத் தன் நெட்வொர்க்கில் வைத்திருப்பதே ஒரு நிறுவனத்துக்குச் சுமையாகிவிட்டது. அந்தச் சுமை சேவை நடத்துகிறவர் தலையில் போய் விழுந்தது. நேரலைத் தளமான ட்விட்ச் 2022-இல் அங்கே வீடியோ தரத்தை 720பி-யோடு நிறுத்தியது. அதுவும் போதாமல் 2024 பிப்ரவரியில் கடையைக் கட்டியது. பெரும்பாலான மற்ற நாடுகளைவிட அங்கே நெட்வொர்க் கட்டணம் பத்து மடங்கு என்பது அந்நிறுவனம் சொன்ன காரணம். அமேசானுக்குச் சொந்தமான தளத்துக்கே அந்த நிலைமை. தமிழில் பாடம் நடத்தும் ஒரு சின்ன வீடியோ தளமோ, புதிதாகத் தொடங்கும் ஒரு செயலியோ என்ன செய்யும்?

பெரியவர்களிடம் மட்டும்தானே கேட்கிறோம் என்பார்கள். சரி, கொடுக்க முடிந்த பெரியவர்கள் கொடுப்பார்கள். கொடுத்ததைச் சந்தாவில் ஏற்றி நம்மிடமே வாங்கிக்கொள்வார்கள். பணம் கொடுத்தவருடைய டேட்டா, கொடுக்காதவருடைய டேட்டா என்று ஒருமுறை பிரித்துப் பார்க்கத் தொடங்கிய நெட்வொர்க் இரண்டையும் ஒரே மாதிரி நடத்தும் என்று என்னால் நம்ப முடியவில்லை. இதுதான் என் பெரிய பயம்.

அப்படி நடந்தால் நமக்குத் தெரியவும் தெரியாது. 2007-இல் அமெரிக்காவில் காம்காஸ்ட் என்ற இணையச் சேவை நிறுவனம், கோப்புகளைப் பகிரும் பிட்டொரென்ட் முறையைப் பயன்படுத்தியவர்களின் இணைப்பில் குறுக்கிட்டது. கோப்பைப் பகிரும் இரண்டு கணினிகளுக்கும் நடுவிலிருந்து, இணைப்பை முடித்துக்கொள்ளச் சொல்லும் பொய்ச் செய்தியை அனுப்பியது. அது எதிர்முனையிலிருந்து வந்ததாக நம்பி இரண்டும் இணைப்பைத் துண்டித்துக்கொண்டன. தொழில்நுட்பம் அறிந்த பயனர் ஒருவர் தன் இணைப்பில் வந்த டேட்டாவைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்ததால் விஷயம் வெளியே வந்தது. சாதாரண ஆள் என்ன நினைப்பார்? ‘இன்னைக்கு நெட் ஸ்லோ’ என்று போனை வைத்துவிட்டுப் போவார்.

2018-இல் மத்திய அரசு உங்கள் பரிந்துரையை ஏற்று, தடுப்பதும் வேகத்தைக் குறைப்பதும் கூடாது என்று இணையச் சேவை நிறுவனங்களின் உரிம நிபந்தனையிலேயே சேர்த்தது. நல்ல விதி. ஆனால் அதைக் கண்காணிக்க ஆள் வேண்டும். 2020 செப்டம்பரில் நீங்களே ஒரு பலதரப்பு அமைப்பைப் பரிந்துரைத்தீர்கள். அதற்காக அரசை விடாமல் கேளுங்கள். எந்தச் சேவை எந்த நெட்வொர்க்கில் என்ன வேகத்தில் போகிறது என்ற அளவீடுகளை யாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் செலவு உண்மையானது, மறுக்கவில்லை. 2022 ஏலத்தில் அலைக்கற்றைக்கு மட்டும் சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டிருக்கிறார்கள். ஆனால் செலவுக்கு ஏற்றபடி விலையை உயர்த்த அவர்களுக்கு வழி இருக்கிறது. 2024 ஜூலையில் உயர்த்தவும் செய்தார்கள். அலைக்கற்றை விலையும் உரிமக் கட்டணமும் அதிகம் என்றால் அதை அரசிடம் பேசட்டும், நீங்களும் சேர்ந்து பேசுங்கள்.

நான் கேட்பது இதுதான். 2016 விதி நுகர்வோர் கட்டும் கட்டணத்தை மையமாக வைத்து எழுதப்பட்டது. உள்ளடக்க நிறுவனங்களிடம் டேட்டா அளவைக் காட்டி வசூலிக்கும் எந்தக் கட்டணமும், எல்லா டேட்டாவையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலைக்கு எதிரானது என்பதை அதே தெளிவோடு எழுத்தில் சொல்லிவிடுங்கள். அதற்கு இன்னொரு ஆலோசனைத் தாள் வேண்டும் என்றால், அதைத் தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் கொடுங்கள். 2015-இல் வந்தது 118 பக்கம். அவ்வளவு ஆங்கிலத்தைப் படித்துப் பதில் எழுத முடியாதவர்களும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓர் இணையச் சந்தாதாரர்