வராந்தாவில் ஒரு நாற்காலி கேட்கிறேன்

ஓய்வூதிய அலுவலகத்தின் அதிகாரி அவர்களுக்கும், அங்கே கவுன்டரில் உட்காரும் எல்லோருக்கும்,

வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். வைஃபையும் போனும் நிறைந்த இடத்தில் உட்கார்ந்தால் எனக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது, அதனால் அங்கே எனக்கு "வைஃபை அம்மா" என்று ஒரு பெயர் இருப்பதும் எனக்குத் தெரியும். இதைச் சொல்லி இதுவரை மூன்று மனு கொடுத்திருக்கிறேன், இரண்டுக்கு ரசீது கிடைக்கவில்லை, மூன்றாவதுக்கு "பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரி பதில் வந்தது. அதனால் என் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. போன மாதம் 12ஆம் தேதி நடந்ததை மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு நீங்கள் உங்கள் அறைக்குள் இருந்தீர்கள், கூடத்தில் நடந்தது உங்கள் காதுக்கு எப்படி வந்து சேர்ந்ததோ தெரியாது.

ஓய்வூதியக்காரர் உயிரோடு இருப்பதை நேரில் வந்து காட்டும் நேர்காணலுக்குக் காலை ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டேன். டோக்கன் 47. அப்போது கவுன்டரில் 6 ஓடிக்கொண்டிருந்தது. போன வருடம் வரை ஜன்னலோரம் பெஞ்சு இருந்த இடத்தில் இப்போது சுவரில் ரவுட்டர் மாட்டியிருக்கிறீர்கள், அதற்கு நேர் கீழேதான் உட்காரும் வரிசை. அறுபது எழுபது பேர், ஆளுக்கு ஒரு போன். கவுன்டரில் இருந்த தம்பியிடம் போய், "நான் வெளியே வராந்தாவில் நிற்கிறேன், என் நம்பர் வந்தால் ஒரு குரல் கொடுக்க முடியுமா?" என்று கேட்டேன். "ஏதாவது சர்டிபிகேட் இருக்கா மேடம்?" என்றார். இல்லை என்றேன். "அப்ப எல்லாரும் மாதிரி உள்ளயே உட்காருங்க" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

உட்கார்ந்தேன். எனக்கு என்ன ஆகும் என்பதை ஒருமுறை விவரமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் இடது காதுக்குப் பின்னால் ஒரு சூடு ஏறும், விறகடுப்புக்குப் பக்கத்தில் குனிந்தால் முகத்தில் அடிக்குமே அது மாதிரி. பத்து நிமிடத்தில் அது கன்னத்துக்கு இறங்கும். அப்புறம் நெஞ்சு படபடக்கும், எதிரே இருக்கிற எழுத்து ஆடும், ஊரே தூரத்தில் பேசுகிற மாதிரி இருக்கும். அரை மணி நேரம் தாண்டினால் குமட்டல். அன்றைக்கு நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்தேன். முடியாமல் எழுந்து படிக்கட்டில் போய் உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வாந்தியை அடக்கினேன். 34 வருடம் ஒரு அலுவலகத்தில் தட்டச்சராக வேலை பார்த்தவள் நான், எத்தனையோ பேருடைய மனுவை, எத்தனையோ பேருடைய ஓய்வூதியக் கோப்பை இந்த விரல்களால் அடித்துக் கொடுத்தவள். நானே ஓய்வூதியக்காரியாக வந்தபோது படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் உங்கள் வாட்ச்மேன் தம்பி தண்ணீர் கொண்டுவந்தார். விஷயத்தைக் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் என் டோக்கனை வாங்கிக்கொண்டு, "நீங்க வேப்பமரத்தடில இருங்கம்மா, நான் ஜன்னல்ல இருந்து கூப்பிடுறேன்" என்றார். வெளியே காற்று பட்டு இருபது நிமிடத்தில் எனக்குத் தலைசுற்றல் நின்றது. 45 போகும்போது அவர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார். நான் நடந்து உள்ளே வந்து 47க்குச் சரியாக நின்றேன். அவ்வளவுதான் விஷயம். அதற்கு ஆன செலவு ஒரு கையசைப்பு. ஒரு அலுவலகம் மூன்று மனுவில் செய்யாததை அந்தத் தம்பி அரை நிமிடத்தில் செய்து முடித்தார், அதற்காக அவர் என் கண்ணெதிரே திட்டு வாங்கினார்.

கவுன்டருக்கு வந்த பிறகும் வேலை நடக்கவில்லை. இந்த வருடம் எல்லாம் ஆன்லைன்தான், உயிர்வாழ் சான்றுக்கு மொபைல் நம்பர் வேண்டும், ஓடிபி வரும் என்றார்கள். என்னிடம் மொபைல் கிடையாது. வீட்டில் லேண்ட்லைன் இருக்கிறது, இணையமும் கம்பி வழியாகத்தான், இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் எழுதுகிறேன். வேறு வழியில்லாமல் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பி மகனுடைய நம்பரைக் கொடுத்தேன். ஷிப்டில் இருப்பவன் போனை எடுக்க முடியாது. அலுவலகப் போனிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டும் அவன் எடுக்கவில்லை, மூன்று ஓடிபியும் காலாவதி ஆனது. "அடுத்த தடவை போனோட வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். உயிரோடு எதிரே நிற்கிறேன், ஓய்வூதியப் புத்தகம் கையில் இருக்கிறது, ஆதார் இருக்கிறது, புத்தகத்தில் இருக்கிற முகமும் என் முகமும் ஒன்றுதான். நான் உயிரோடு இருப்பதைத் திருப்பூரில் இருக்கிற ஒரு போன் சொன்னால்தான் நம்புவீர்கள் என்றால், என்னைப் பார்க்க வரச் சொன்னது எதற்கு?

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. நான் கேட்பது இதுதான்: வராந்தாவில் ஒரு நாற்காலி, என் முறை வரும்போது ஒரு குரல், மொபைல் இல்லாதவர்களுக்குக் காகிதத்தில் ஒரு வழி.

வைஃபை, போன் அலைக்கும் என் தொந்தரவுக்கும் சம்பந்தம் இல்லை என்று உங்கள் கண்காணிப்பாளர் எனக்கு ஒரு அறிவியல் பாடம் எடுத்தார். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி, அதை நான் மறுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2005 டிசம்பரில் இதைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டது. மின்காந்த அலைதான் இந்தத் தொந்தரவுக்குக் காரணம் என்று சொல்ல அறிவியல் ஆதாரம் இல்லை என்றுதான் அதில் இருக்கிறது. அலை ஓடுகிறதா நின்றிருக்கிறதா என்று சொல்லாமல் செய்த சோதனைகளில், என்னைப் போன்றவர்களால் வித்தியாசத்தைச் சரியாகச் சொல்ல முடியவில்லை என்பதையும் படித்திருக்கிறேன். படித்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, ஆனால் அதற்காக அந்த ஆய்வு பொய் என்று சொல்ல மாட்டேன். நம் நாட்டில் செல்போன் டவர்களுக்கான கதிர்வீச்சு வரம்பு 2012 செப்டம்பரிலிருந்து சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டிருக்கிறது என்பதும் தெரியும். டவரை எடு என்று நான் ஒருநாளும் மனு போட்டதில்லை. புற்றுநோய் வரும் என்று தெருவில் யாரையும் பயமுறுத்தியதும் இல்லை.

ஆனால் அதே குறிப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதை உங்கள் கண்காணிப்பாளர் படிக்கவில்லை. இவர்களுக்கு வருகிற தொந்தரவு நிஜம், சிலருக்கு அது அன்றாட வாழ்க்கையையே முடக்கும் அளவுக்குப் போகலாம் என்கிறது அந்தக் குறிப்பு. காரணம் எது என்பதில்தான் சண்டை, வலி இருக்கிறதா என்பதில் சண்டை இல்லை. நான் ஸ்கேன் எடுத்தேன், ரத்தம், தைராய்டு, இதயம் எல்லாம் பார்த்தேன். மனநல மருத்துவரிடமும் போனேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவர் கொடுத்த மாத்திரையை எட்டு மாதம் சாப்பிட்டேன், தூக்கம் கொஞ்சம் தேறியது, கூடத்தில் வருகிற சூடு போகவில்லை. இன்னும் வைத்தியத்தில்தான் இருக்கிறேன்.

ஒரு பேச்சுக்கு, இது முழுக்கவே பயத்தால் உடம்பு செய்கிற வேலை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அறுபது பேர் நடுவே உட்காரவைத்து, பெயர் வைத்துச் சிரித்து, வாந்தி வரும்வரை காக்கவைப்பது அந்தப் பயத்தைக் குறைக்குமா கூட்டுமா? அலையால் வந்தாலும் சரி, பயத்தால் வந்தாலும் சரி, இன்னும் யாரும் கண்டுபிடிக்காத வேறு எதனாலோ வந்தாலும் சரி, எனக்கு வேண்டியது வராந்தாவில் அதே ஒரு நாற்காலிதான். விஞ்ஞானிகள் முடிவு சொல்லும்வரை நான் படிக்கட்டில் உட்கார வேண்டும் என்று எந்த விஞ்ஞானியும் சொல்லவில்லை.

வெளிநாட்டுக் கதை எதற்கு என்பீர்கள், ஒன்றே ஒன்று சொல்கிறேன். 2015இல் பிரான்சில் துலூஸ் நகரத்து நீதிமன்றம் ஒன்று, இதே தொந்தரவு இருக்கிற ஒரு பெண்ணுக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை கொடுக்கச் சொன்னது. இதை ஒரு நோய் என்று அந்தத் தீர்ப்பு முறைப்படி ஏற்கவில்லை. அந்தப் பெண்ணால் என்ன செய்ய முடிகிறது, என்ன செய்ய முடியவில்லை என்று பார்த்து முடிவு எடுத்தது. நான் உதவித்தொகை கேட்கவில்லை. நான் உழைத்துச் சேர்த்த ஓய்வூதியத்தை வாங்க ஒரு நாற்காலி கேட்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் பட்டியலில் 21 வகை இருக்கிறது, என் தொந்தரவு அதில் இல்லை, அதனால் எனக்குச் சான்றிதழ் கிடைக்காது. கவுன்டர் தம்பி கேட்ட சர்டிபிகேட்டை நான் எந்த ஜென்மத்திலும் கொண்டுவர முடியாது, ஏனென்றால் அதைக் கொடுக்க ஆள் இல்லை. ஆனால் 1995 சட்டத்தில் இந்தப் பட்டியல் ஏழோடுதான் நின்றது. மீதி வகைக்காரர்கள் 2016க்கு முன்னால் நன்றாகவா இருந்தார்கள்? தலசீமியா குழந்தைக்கும், பார்க்கின்சன் வந்த பெரியவருக்கும், ஆசிட் வீச்சில் முகம் போன பெண்ணுக்கும் பட்டியலில் பெயர் ஏறுவதற்கு முன்பே வலி இருந்தது. அதே 2016 சட்டம் "நியாயமான வசதி" என்று ஒன்றைப் பற்றிப் பேசுகிறது: அளவுக்கு மீறிய சுமை இல்லாமல் செய்யக்கூடிய சின்னச் சின்ன மாற்றங்கள். பட்டியலில் பெயர் உள்ளவருக்குத்தான் அதைச் செய்ய வேண்டும், மற்றவருக்குச் செய்தால் தப்பு என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. வராந்தாவில் ஒரு நாற்காலி போடுவது எந்த அலுவலகத்துக்கும் சுமை ஆகாது.

ஓடிபி விஷயத்திலும் இதேதான். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஆசிட் வீச்சில் கண் பாதிக்கப்பட்ட பெண்களிடம், வங்கிக் கணக்குக்கு கேமரா முன்னால் கண் சிமிட்டச் சொன்னால் அவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள் என்பதுதான் வழக்கு. டிஜிட்டல் சேவையை எட்டுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தருகிற வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று நீதிமன்றம் சொன்னது, காகித வழி கேஒய்சியும், அதாவது வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பும், தொடர வேண்டும் என்றது. என்னுடைய பிரச்சினை அவர்களுடையதற்குப் பக்கத்தில் வைக்க முடியாத அளவுக்குச் சின்னது, தெரியும். ஆனால் கதவு ஒரே கதவுதான்: மெஷின் கேட்பதை உடம்பு கொடுக்க முடியாவிட்டால், நீ இல்லை.

அன்றைக்கு அந்தக் கூடத்தில் நான் ஒருத்தி மட்டும் திரும்பிப் போகவில்லை. பக்கத்தில் ஒரு அய்யா, எண்பது வயதுக்கு மேல் இருக்கும், கைரேகை மெஷினில் ஏறவில்லை. ஈரத்துணியில் துடைத்து, எண்ணெய் தேய்த்து, பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். கல் உடைத்த கையாம், ரேகை தேய்ந்துபோச்சு என்று அவரே சொன்னார். இன்னொரு அம்மாவுக்குக் கண் தெரியாது, போனில் வந்த எண்ணைப் படித்துச் சொல்லச் சொல்லி முன்பின் தெரியாத ஆளிடம் போனை நீட்டினார், ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று ஊரெல்லாம் எச்சரித்துக்கொண்டிருக்கிற காலத்தில். ரேஷன் கடையில் விரல், கேஸ் சிலிண்டருக்குப் போனில் வருகிற எண், இப்போது ஓய்வூதியத்துக்கும் போன். போன் இல்லாதவர், போனை வைத்துக்கொள்ள முடியாதவர், போனைப் பார்க்க முடியாதவர் எல்லோரும் மனிதக் கணக்கில் வருகிறோமா இல்லையா? கணினி வந்தது வேலையைச் சுலபமாக்கத்தானே? தட்டச்சு மெஷினிலிருந்து கணினிக்கு மாறிய முதல் ஆட்களில் நானும் ஒருத்தி, கணினி மேல் எனக்குக் கோபம் கிடையாது. கணினி தவிர வேறு வழியே கிடையாது என்று சொல்கிற வாய்மேல்தான் கோபம்.

சரி. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன், பணிவோடுதான் கேட்கிறேன்.

வராந்தாவில் ஒரு நாற்காலி போடுங்கள். உள்ளே உட்கார முடியாதவர், அது என்ன காரணமாக இருந்தாலும், அங்கே உட்காரட்டும், டோக்கன் வந்ததும் ஜன்னலிலிருந்து கூப்பிடுங்கள். சர்டிபிகேட் கேட்காதீர்கள், நாற்காலியில் உட்காருவதற்காக யாரும் பொய் நோய் சொல்லிக்கொண்டு வரப்போவதில்லை. முடிந்தால் ரவுட்டரை உட்காரும் வரிசைக்கு மேலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள், உங்களுக்கு சிக்னல் குறையாது. மொபைல் இல்லாதவர் நேரில் வந்து நின்றால், அடையாள அட்டையைப் பார்த்து, கையெழுத்து வாங்கி, உங்கள் முத்திரை வைத்த காகிதத்தில் உயிர்வாழ் சான்றை ஏற்றுக்கொள்ளுங்கள். முன்பு அப்படித்தான் செய்தீர்கள், அந்தப் படிவம் உங்கள் இரண்டாவது பீரோவில் இன்னும் கட்டுக்கட்டாக இருப்பதை நானே பார்த்தேன்.

அடுத்த மாதம் 10ஆம் தேதி மறுபடி வருகிறேன். போன் கொண்டுவர மாட்டேன், ஓய்வூதியப் புத்தகமும் ஆதாரும் கொண்டுவருவேன். டோக்கன் எடுத்துவிட்டு வராந்தாவில் நிற்பேன். நாற்காலி இருந்தால் உட்காருவேன், இல்லாவிட்டால் வேப்பமரத்தடியில் நிற்பேன்.

அப்புறம் ஒன்று. அந்த வாட்ச்மேன் தம்பி ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு அவர் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை, ஒரு வயதானவளுக்குக் கையை ஆட்டினார். அதற்காக அவர்மேல் எந்தப் புகாரும் எழுதாதீர்கள். 10ஆம் தேதி அவரை அந்த வாசலிலேயே பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
டோக்கன் எண் 47