ஏழு மணிக்கு எடுக்காதை

அன்பு மகளுக்கு,

நாங்கள் இஞ்ச சுகம். நீ, மருமகன், சின்னவன் எல்லாரும் சுகமாய் இருக்க வற்றாப்பளை அம்மாளாச்சியை வேண்டுறன். நான் போன் எடுக்கேல்லை எண்டு நீ பயந்துபோனியாம், சித்தி சொன்னவ. ஒண்டும் இல்லை பிள்ளை. பனி விட்டுதெண்டு உங்கட நாட்டில மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளிப்போட்டியள். நீ வழக்கம்போலச் சின்னவனைப் படுக்கப்போட்டிட்டு ராத்திரி ஒன்பதரைக்குத்தான் எடுக்கிறாய். மாரி முழுக்க அது எங்களுக்குக் காலமை எட்டு மணி. இப்ப ஏழு. ஏழு மணிக்கு நான் என்ன நிலையில நிப்பன் எண்டு உனக்குத் தெரியாதே?

காலபோகம், மாரி நெல்லு, வெட்டி முடிஞ்சுது. வித்தது போக வீட்டுக்கு வச்ச நெல்லை இப்பதான் கொஞ்சம் கொஞ்சமாய் அவிக்கிறன். முதல்நாள் ஊறப்போட்டு, விடியப்புறம் அடுப்பு மூட்டினால் ஏழு மணிக்குத்தான் இறக்கிப் படங்கில பரவலாம். மத்தியான வெயிலில கொண்டுபோய்க் கொட்டினால் ஒரேயடியாய்க் காஞ்சு, குத்தேக்க அரிசி எல்லாம் நொறுங்கிப்போடும். இளவெயிலில தொடங்கி, காலால உழக்கி உழக்கிப் பிரட்டவேணும். சின்னனில நீ என்ரை கால்தடத்துக்குப் பின்னால கோடு கிழிச்சுக்கொண்டு நடப்பாய். ஈரநெல்லு காலுக்குச் சூடாய்த்தான் இருக்கும், ஆனால் விடியக் குளிருக்கு அது சுகம். மாசிப் பனி மூசிப் பெய்யும் எண்டுறது சும்மா இல்லை. இந்தமுறை பங்குனி பிறந்தும் விடிய விடிய மூட்டம்தான்.

அந்த மூட்டத்தாலதான் புழுக்கொடியலும் இழுபடுது. பனங்கிழங்கை அவிச்சு, தோலுரிச்சு, ரெண்டாய்க் கிழிச்சு, நடுவில இருக்கிற பீலியை எறிஞ்சிட்டுக் காயப்போட்டிருக்கிறன். பொழுதுபட முன்னம் உள்ள எடுக்காட்டிப் பனி குடிச்சுப் பூஞ்சணம் பிடிக்கும். பகலில குரங்கு. 2025 மார்ச் 15, காலமை எட்டு மணியிலயிருந்து எட்டு அஞ்சு மட்டும் நாடு முழுக்கக் குரங்கும் மயிலும் எண்ணினவை, ஞாபகமே? அப்பாவும் பேப்பரும் பேனையுமாய் முத்தத்தில நிண்டவர். அந்த அஞ்சு நிமிசத்தில ஒண்டுகூட வரேல்லை. எட்டே காலுக்குக் கூட்டமாய் வந்து முருங்கையை முறிச்சுப்போட்டுப் போச்சுதுகள்.

உங்கட மணிக்கூட்டுக் கதையைக் கேட்டு அப்பாவுக்குச் சிரிப்பு. 1996இல அரசாங்கம் நேரத்தை முன்னுக்குத் தள்ளேக்க, புலியளின்ரை கட்டுப்பாட்டில இருந்த எங்கட வன்னி மாறாமல் பழைய நேரத்திலேயே இருந்தது. 2002இல சண்டை நிண்டு பாதை திறந்த பிறகு, அரசாங்கப் பக்கம் வவுனியாவுக்குப் போறதெண்டால், ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்ட அரை மணித்தியாலம் கூட்டிப் பாக்கவேணும். எந்த விசயத்துக்கும் பழைய நேரமோ புதிய நேரமோ எண்டு கேட்டுத்தான் வெளிக்கிடுவம். 2006இல சித்திரை வருசத்துக்கு அடுத்தநாள் அவையே திரும்பி எங்கட நேரத்துக்கு வந்தவை. எங்கட சுவர் மணிக்கூட்டை அப்பா ஒருநாளும் தொடேல்லை எண்டு பெருமையாய்ச் சொல்லித்திரிவார். அது 2009இல சண்டைக்க வீட்டோட அழிஞ்சுபோச்சுது.

இப்ப அவற்றை யோசனை எல்லாம் சிறுபோகம், கோடையில குளத்துத் தண்ணியில செய்யிற வெள்ளாமை. இரணைமடுவில நிக்கிற தண்ணியைப் பாத்துத்தான் எத்தினை ஏக்கர் விதைக்கலாம் எண்டு கூட்டத்தில முடிவெடுப்பினம். 36 அடி கொள்ளுற குளம்தான், ஆனாலும் எல்லாருக்கும் முழுக்காணிக்கும் காணாது. எங்களுக்கு எந்தப் பங்கு விழும் எண்டு தெரியமுன்னமே விதைநெல்லுக்குச் சொல்லிவச்சிட்டார். நான் வாய் திறக்கேல்லை. சொல்லிக் கேக்கிற ஆளே?

ஸ்பிரிங் வந்திட்டுது, பூ பூக்குது, அம்மம்மாவை வரச்சொல்லு எண்டு சின்னவன் வொய்ஸ் மெசேஜ் போட்டவன். பத்துத்தரம் கேட்டிருப்பன். ஆனால் இப்ப வரமாட்டன், பிள்ளை. நெல்லையும் புழுக்கொடியலையும் அப்பாவின்ரை கையில விட்டிட்டு வந்தால் குரங்குக்குத்தான் கொண்டாட்டம். அவன்ரை பள்ளிக்கூடம் விட்டவுடன நீங்கள் வாங்கோ. ஆனி கடைசியில காட்டில பாலைப்பழம் இருக்கும். பால் உதட்டில ஒட்டி அவன் முழிக்கிறதை நான் பாக்கவேணும். வெயில் கடும் எண்டு மருமகன் சொல்லுவார். வேப்பமரத்துக்குக் கீழ கட்டில் போட்டுக் குடுக்கிறன் எண்டு சொல்லு.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில உன்ரை காலமை எட்டரைக்கு எடு. எங்களுக்குப் பின்னேரம் ஆறு மணி. புழுக்கொடியல் உள்ளுக்கு வந்திருக்கும், அப்பாவும் கைகால் கழுவிப்போட்டு இருப்பார். மாடு கட்டுறதெண்டால் மட்டும் கொஞ்சம் சுணங்கும். போனை அடிக்கவிடு.

முன்வீட்டு அக்காவின்ரை மகன் அடுத்தமாதம் அங்க வாறான். அவிக்காமல் காயவச்ச கிழங்கில இடிச்ச ஒடியல்மாவும் புழுக்கொடியலும் குடுத்துவிடுறன். மாவைத் தண்ணியில ஊறவிட்டு மேல்தண்ணியை ஊத்திப்போட்டுத்தான் கூழுக்குக் கரைக்கவேணும், இல்லாட்டிக் கைக்கும். போனமுறை மாதிரி எல்லாத்தையும் அயலுக்குக் குடுத்து முடிக்காதை.

அம்மா