ஓடு உடைக்காமல் தின்ற நண்டு

அன்புள்ள மைனிக்கு,

போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டீர்கள்: "கொச்சியில போய் அப்படி என்னத்தத் தின்னுட்டு வந்திய?" நான் "நல்லா இருந்துச்சு மைனி" என்று மட்டும் சொல்லிவிட்டு, நீங்கள் துருவ வைத்திருந்த தேங்காயில் ஒரு சில்லைக் கீறித் தின்னத் தொடங்கிவிட்டேன். முற்றத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பில் தொகை அவர் காதில் விழுந்தால் இனி வரப்போகிற கல்யாண வீடுகளில் எல்லாம் அந்தக் கதைதான் ஓடும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. இப்போது செய்தித்தாளிலேயே எழுதுகிறேன். அண்ணன் செய்தித்தாளில் மரணச் செய்தி தவிர வேறு எதையும் படிக்கிறவர் இல்லை என்கிற தைரியம்தான்.

அந்தச் சாப்பாடு மகளுடைய ஏற்பாடு. எங்கள் கல்யாணத்துக்கு 25 வருடம் ஆனதற்குப் பெங்களூரில் இருந்தபடியே ரயில், அறை, கடைசி நாள் இரவுச் சாப்பாடு எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டாள். சாப்பாட்டுக்கு மூன்று வாரம் முன்னாலேயே இடம் பிடிக்க வேண்டுமாம். ஆளுக்கு 1,000 ரூபாய் முன்பணம். போகாவிட்டால் அது போனதுதான். முந்தின நாள் ஒரு பெண் போனில் கூப்பிட்டு, யாருக்காவது ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டாள். "கத்தரிக்காய் தின்றால் எனக்குச் சொறியும்" என்றேன். உடனே குறித்துக்கொண்டாள். நம் குடும்பத்தில் ஐம்பது வருடமாகச் சொல்லியும் யாரும் குறித்துக்கொள்ளாத சங்கதி அது. தேங்காய் வறுத்தரைத்து நீங்கள் வைக்கிற தீயலிலும் கத்தரிக்காய் மிதக்கத்தான் செய்கிறது.

கடை யாருடையது தெரியுமா? மதியம் பாத்திரம் கழுவுவதைத் தள்ளிப்போட்டுவிட்டு டிவியில் ஒருத்தரைப் பார்ப்பீர்களே, கடுகு தாளித்துவிட்டுக் கண்ணை மூடி மணத்தை இழுக்கிற ஆள், அவருடையது. வாசலில் ஆள் உயரப் படம். என் வீட்டுக்காரி அதற்காகவே சேலையை இரண்டு தடவை சரி செய்துகொண்டு, "செஃப் இருக்காரா? ஒரு போட்டோ..." என்று கேட்டாள். அவர் மும்பையில் ஏதோ படப்பிடிப்பில் இருக்கிறாராம். இவள் முகம் வாடியதைப் பார்க்க வேண்டுமே.

பெரிய பெயர் போட்ட கடைகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன என்று மகள் விளக்கினாள். மெனுவை அவர் யோசிப்பார், ருசி பார்ப்பார், ஒவ்வொரு பண்டத்துக்கும் இத்தனை கிராம் உப்பு, இத்தனை நிமிடம் தீ என்று எழுதிக் கொடுப்பார். அதன்படி நாள்தோறும் அடுப்பு முன்னால் வேகிறவர்கள் வேறு ஆட்கள். சரி, அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நம் ஊரில் தவசிப்பிள்ளை அண்டா பக்கத்தில் நிற்காமல் ஒரு பந்தி நடந்து பார்த்திருக்கிறோமா? சாம்பாரில் உப்புக் கூடினால் பெண் வீட்டுக்காரர் நேராகப் போய்ச் சண்டை பிடிக்க ஓர் ஆள் வேண்டும். படத்தோடு போய் என்ன சண்டை பிடிப்பது?

உள்ளே வெளிச்சம் குறைவு. பாட்டு உண்டா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்குச் சன்னமான பாட்டு. மெனுவில் நாம் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. ஏழு வகை, அவர்கள் கொண்டுவருகிற வரிசையில், ஆளுக்கு 4,500 ரூபாய். கொல்லத்தில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற கடற்கரைச் சாப்பாடு என்று அட்டையில் போட்டிருந்தது. மகள் அதைப் பார்த்துத்தான் அந்தக் கடையைப் பிடித்தாளாம்.

முதலில் நம் நாகர்கோவில் ரசவடை. நெல்லிக்காய் அளவில் ஒரே ஒரு வடை, அதற்கு மேலே மேசையில் வைத்தே ரசம் ஊற்றினார்கள். கிண்டல் செய்யத்தான் நினைத்தேன், முடியவில்லை. ரசம் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. வாயில் வைத்தால் நல்லமிளகும் பூண்டும் காயமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அடுத்து வந்த மூன்றும் மீன். அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தட்டு பெரிது, மீன் சிறிது. நடுவில் வாயைச் சுத்தம் செய்ய நன்னாரியில் ஒரு கரண்டி பனிக்கட்டி வந்தது. எனக்குப் பல் கூசியதுதான் மிச்சம்.

உள்ளித் தீயலைச் சொல்லாமல் விடக் கூடாது. நான்கு சின்ன உள்ளி, கீழே கரும்பழுப்பில் பூசினாற்போல ஒரு கரண்டிக் குழம்பு. கத்தரிக்காய் கிடையாது. தேங்காயை நீங்கள் வறுக்கிற அதே பதத்துக்கு வறுத்திருந்தார்கள் மைனி. ஒரு நிமிடம் முந்தினால் வெளுத்துப்போகும், ஒரு நிமிடம் பிந்தினால் கசக்கும் என்று திட்டிக்கொண்டே சிறு தீயில் கிளறுவீர்களே, அந்தப் பதம். தண்ணீர் சேர்க்காமல் அரைத்திருக்கிறார்கள், எண்ணெய் தானாகப் பிரிந்து ஓரத்தில் நின்றது. யாரோ ஒருவர் கை வலிக்கக் கிளறியிருக்கிறார். தட்டை விரலால் வழித்தேன். மகள் காலால் என் காலைத் தட்டினாள். பிறகு அவளும் வழித்தாள்.

அப்புறம்தான் நண்டு. அட்டையில் பெயரே 'கன்னியாகுமரி நண்டு'. கண்ணாடி மூடிக்குள் புகை சுழலக் கொண்டுவந்து வைத்தார்கள். மூடியைத் தூக்கினால் சிரட்டை எரித்த மணம். அது எனக்குப் பிடித்தது, பொய் சொல்ல மாட்டேன், நம் பழைய அடுப்படியே ஞாபகம் வந்துவிட்டது. பரிமாற வந்த பையன் ஆங்கிலத்தில் ஒப்பித்தான்: மூன்று கடல் கூடுகிற இடம், விவேகானந்தர் பாறை, 133 அடி திருவள்ளுவர் சிலை. நாகர்கோவில் வடசேரியில் குடியிருக்கிற எங்களுக்குக் கன்னியாகுமரியைப் பற்றிப் பாடம். இவள் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

ஓட்டுக்குள் நண்டுச் சதை மட்டும், கொட்டை எடுத்த புளியைப் போல, உதிர்த்து மசாலா புரட்டி நிரப்பி வைத்திருந்தார்கள். உடைக்க ஒன்றும் இல்லை, உறிஞ்ச ஒன்றும் இல்லை. கரண்டியால் நான்கு வாய். ருசி இருந்தது. ஆனால் நான்கே வாயில் நண்டு தின்று முடிப்பது என்ன கணக்கு? உங்கள் வீட்டில் நண்டு வாங்கினால் அன்று மத்தியானம் முழுக்க அதற்குத்தானே போகும். அம்மிக் குழவியால் பெரிய காலை உடைக்கும்போது சுவரில் தெறிக்கும், அண்ணன் கத்துவார். சின்னப் பிள்ளைகளுக்குச் சதையை எடுத்துக் கொடுத்துவிட்டு நீங்கள் கடைசியில் வெறும் கால்களைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். கை கழுவிய பிறகும் இரண்டு நாளைக்கு விரலில் மணம் இருக்கும். அந்தக் கடையில் எலுமிச்சை மிதக்கும் வெந்நீர்க் கிண்ணம் கொடுத்தார்கள். விரலில் கழுவ எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போது இவள் சத்தமாகவே சொன்னாள்: "நல்லமிளகு இத்திரி கூடிப் போச்சு." தட்டெடுக்க வந்த பையன் நம் ஊர்ப் பேச்சைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க நாரோயிலா?" என்றான்.

அவனுக்கு ஊர் நம் மாவட்டத்துக் கருங்கல் பக்கம் மைனி. கேட்டரிங் படித்துவிட்டு இரண்டு வருடமாக அங்கே வேலை. அதுவரை ஆங்கிலத்தில் 'சார்' போட்டவன் அதன்பிறகு 'அண்ணே' ஆகிவிட்டான், மேலாளர் அந்தப் பக்கம் வந்தால் மட்டும் மறுபடியும் சார். நான் நேராகக் கேட்டேன், இது எந்தக் கடல் நண்டு என்று. நாங்கள் போனது ஜூன் கடைசி. உங்களுக்குத் தெரியாததா, நம் மாவட்டத்துக்கு மட்டும் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் இரண்டு விதம். கிழக்கே சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் நடுவில் தொடங்கி 61 நாள். மேற்கே முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளத்திலும் அப்போது தடைதான். பையன் சிரித்தான். ஒடிசாவில் சிலிகா ஏரியில் இருந்து வருகிற சேற்று நண்டாம். நம் புள்ளி நண்டு அவர்களுடைய தட்டுக்குச் சிறியதாம்.

நான் கோபப்படவில்லை. பெயர் பொருளுக்கா பக்குவத்துக்கா என்று கேட்டால் இரண்டு பக்கமும் பேசலாம். நியூயார்க்கில் 'செம்மா' என்று ஓர் உணவகம் இருக்கிறது. சமையலறையை நடத்துகிற சமையல்காரர் விஜய் குமார், திண்டுக்கல் மாவட்டம் நத்தத்துக்காரர். வயலில் பொறுக்கித் தின்ற நத்தையை அங்கே தட்டில் வைத்தவர். 2022இல் அந்தக் கடைக்கு, நல்ல உணவகங்களுக்குத் தருகிற மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025இல், அமெரிக்காவில் சமையல்காரர்களுக்குத் தருகிற ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்க வேட்டி கட்டிக்கொண்டு மேடை ஏறினார். அவருடைய மெனுவிலும் 'கன்னியாகுமரி நண்டு மசாலா' என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் நம் முட்டத்து நண்டுக்கு எங்கே போவார்? அங்கே கிடைக்கிற கடல் நண்டில் நம் பக்குவத்தைக் காட்டுகிறார். கொச்சிக்காரர்களுக்கு அந்த நியாயம் கொஞ்சம் குறைவு, நாகர்கோவில் ஒரு ராத்திரிப் பயணம்கூட இல்லையே. நம் பெயரைப் போட்டால், கடல் திறந்த பிறகாவது நம் நண்டை வாங்கலாம்.

கடைசி வகைதான் என்னை உட்கார்த்தி வைத்தது. பால்பாயசம் ஒரு சின்னக் கிண்ணத்தில், மேலே மட்டி வாழைப்பழம் இரண்டு துண்டு, அதன் மேல் நொறுக்கிய பப்படம். நம் மட்டிப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இப்படிப் பெரிய கடைகள் தேடுகின்றனவோ என்னவோ. ஆனால் பப்படம்? பாயசத்தில் பழத்தையும் பப்படத்தையும் போட்டுப் பிசைவது பந்தியில் உட்கார்ந்தவனுக்குத்தானே தெரியும். அட்டையில் அதைச் செஃப்பின் கற்பனை என்று எழுதியிருந்தது. பையனைப் பார்த்தேன். அவன் மேசை துடைக்கிற சாக்கில் குனிந்து, "பப்படம் நான் சொன்னதாக்கும் அண்ணே" என்றான். ருசி பார்க்கிற நாளில் பாயசம் வெறுமனே இருக்கிறது என்று செஃப் சொன்னாராம். பின்னால் நின்ற இவன் வாயை விட்டிருக்கிறான். அவர் உடனே பப்படம் பொரிக்கச் சொல்லித் தின்று பார்த்துச் சேர்த்துக்கொண்டாராம். அந்த ஒரு காரியத்துக்காக அவர் மேல் எனக்கு மரியாதை. அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

இனி பில். மூன்று பேருக்கு 13,500. சேவைக் கட்டணம் என்று பத்து சதவீதம், 1,350. அதற்கெல்லாம் மேல் 18 சதவீத வரி. சாதாரணக் கடையில் ஐந்துதான், வாடகை கூடிய விடுதிக்குள் இருக்கிற கடை என்பதால் இப்படி. மொத்தம் 17,523. மகள் விடவில்லை. சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2022இலேயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது, 2025இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது என்று மேலாளரிடம் நிதானமாகச் சொன்னாள். அவர் முகம் சுளிக்காமல் எடுத்துவிட்டார். 15,930 ஆனது. நான் பையன் கையில் 500 ரூபாயை மடித்து வைத்தேன். அவன் வாங்க மாட்டேன் என்று பின்னால் போனான். "ஊருக்குப் போகும்போது அம்மைக்குப் பழம் வாங்கிட்டுப் போ" என்று இவள் சொன்னதும் வாங்கிக்கொண்டான்.

கிளம்பும்போது அவனிடம், நீங்கள் எல்லாம் என்ன சாப்பிடுவீர்கள் என்று சும்மா கேட்டேன். அன்று வேலையாட்களுக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்புமாம். மைனி, அந்த இடத்தில் எனக்கு வந்த பொறாமையை எப்படிச் சொல்ல? கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் அண்டா நிறையச் சாளை கொதித்துக்கொண்டிருக்க, நான் இந்தப் பக்கம் நான்கு உள்ளியை எண்ணித் தின்றிருக்கிறேன். இரவு பதினொரு மணிக்கு மூன்று பேரும் விடுதிப் பக்கத்துத் தட்டுக்கடையில் நின்று ஆளுக்கு மூன்று தோசை தின்றோம். இதை அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டாம். பில்லைக்கூடச் சொல்லுங்கள், தோசையைச் சொல்லாதீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை 31ஓடு நம் பக்கத்துத் தடை முடிகிறது. பௌர்ணமி நண்டு வெறும் தண்ணீர், அமாவாசை நண்டில்தான் சதை என்பீர்கள். ஓடு கழற்றிய நண்டு உடம்பில் தண்ணீரை ஏற்றித்தான் புது ஓட்டை நிரப்புமாம், சதை பிறகுதான் பிடிக்குமாம். அதை நிலவோடு சேர்த்து எப்படிக் கண்டுபிடித்தீர்களோ தெரியாது, உங்கள் கணக்கு பிசகியதில்லை. ஆகஸ்டில் அமாவாசை என்றைக்கு என்று நாட்காட்டியில் பார்த்து வையுங்கள். முட்டத்துக்கு விடியற்காலை நானே போய் வாங்கி வருகிறேன். மகளும் வருவாள். குழவியைக் கழுவி எடுத்து வையுங்கள்.

அந்தப் பையனுக்கு ஓணத்துக்கும் கிறிஸ்துமசுக்கும் லீவு கிடையாதாம், கடையில் கூட்டம் அப்போதுதான். அமாவாசைக்கு ஒருவேளை கிடைக்கலாம். கேட்டிருக்கிறேன். கிடைத்தால் கருங்கலில் இருந்து நேராக உங்கள் வீட்டுக்குத்தான் வரச் சொல்லுவேன், இலையில் ஒன்று கூடப் போட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்
நாகர்கோவில்