எத்தனை பேருக்கு எண்டு சொல்லு

கல்லடி, மட்டக்களப்பு
கார்த்திகை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுறது. நாங்க எல்லாரும் சுகம். உன்ட சுகத்துக்கு மாமாங்கப் பிள்ளையாரைக் கும்பிடுறன். அப்பாட முழங்கால் நோ இருந்தபடிதான். தங்கச்சி பிள்ளைகளோட கிழமைக்கு ஒருக்கா வந்து போறாள். மழை தொடங்கிட்டு, வாவிக்கு அங்கால படுவான்கரையில விதைப்பு முடிஞ்சு வயல் பச்சையாக் கிடக்கு. வேற புதினம் இல்ல.

பார்சல் விசயமாத்தான் எழுதுறன். வழமையா ஐப்பசி பிறந்த உடன மருமகள் பட்டியல் எழுதி வட்ஸ்அப்பில போடுவா. கறித்தூள் இவ்வளவு, கூனி இறால் இவ்வளவு, ஒடியல் மா வேணாம் போன முறை வண்டு எண்டு எல்லாம் அதில இருக்கும். இந்த முறை பட்டியல் வரல்ல. உன்னட்டக் கேட்டன், "ஒண்டும் வேணாம் அம்மா, இஞ்ச எல்லாம் கிடைக்குது" எண்டாய். கிடைக்கும் மனே. கனடாவில, உங்கட ஸ்காபரோவில தமிழ்க் கடைக்குக் குறைவில்ல எண்டு போய் வந்த ஆக்கள் எல்லாம் சொல்லுறாங்க. கிடைக்கிறதை நீ வாங்குறியா, வாங்கினதை அடுப்பில வைக்கிறியா எண்டதுதான் எனக்குத் தெரிய வேணும்.

நீ வேணாமெண்டாலும் தூள் போடத்தான் போறன். செத்தல் மிளகாயைப் புரட்டாதி வெயிலிலேயே காயவைச்சு எடுத்திட்டன். மழை பிறந்தாப்பிறகு காயப்போடுற மிளகாய் உள்ளுக்குள்ள ஈரத்தை வைச்சுக்கொண்டிருக்கும், அரைச்ச தூள் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு கிலோவுக்குச் செத்தல் 400 கிராம், மல்லி 400, பெருஞ்சீரகம் 75, நற்சீரகம் 50, மிளகு 50, வெந்தயம் 25. மேலால ஒரு துண்டு மஞ்சள், ரெண்டு பிடி கறிவேப்பிலை. எல்லாத்தையும் வேற வேறயா வறுக்க வேணும். வெந்தயம் கருகினா முழுத் தூளும் கசக்கும். அதால அதைக் கடைசியில, அடுப்பை அணைச்சாப்பிறகு சட்டிச் சூட்டிலதான் வறுக்கிறது. மில்லால வந்த தூளைப் பேப்பரில பரப்பி நல்லா ஆறினபிறகு கட்டுவன். சூட்டோட கட்டினா பைக்குள்ள வேர்த்துக் கட்டிபட்டுப் போகும்.

உன்ட கைக்கு வந்தாப்பிறகு முழுப் பையையும் அடுப்புப் பக்கத்தில வைக்காத. ரெண்டு கிழமைக்குத் தேவையானதைச் சின்னப் போத்தலில போட்டுக்கொண்டு மிச்சத்தை இறுக்கிக் கட்டி ஃபிறீசரில வை. வெளிய எடுத்தா குளிர் போனபிறகுதான் திறக்க வேணும், இல்லாட்டி தூள் ஈரம் குடிக்கும். நாளுக்கு ரெண்டு கறி வைக்கிற வீட்டில ரெண்டு பேருக்கு ஒரு கிலோ ரெண்டு மாசம் வரும். ஒராளுக்கெண்டா நாலு மாசத்துக்கும் மேல கிடக்கும். ஆறு மாசம் தாண்டின தூளில உறைப்பு மட்டும் மிஞ்சும், வாசம் போயிரும். அதால கண்டபடி கூட்டி அனுப்பவும் ஏலா. அளவை நீதான் சொல்ல வேணும்.

போன மாசம் கதைக்கக்குள்ள தயிர் தின்ன ஆசையா இருக்கு எண்டு சொன்னாய். இந்த வருசம் நீயா வாய் திறந்து கேட்டது அது ஒண்டுதான். அதால விபரமா எழுதுறன், ஆறுதலா வாசி.

முதல்ல ஒண்டை விளங்கிக்கொள். எங்கட எருமைத் தயிர் மாதிரி அங்கத்தப் பாலில வராது, அது உன்ட கைப்பிழை இல்ல. எருமைப் பாலில கொழுப்பு 7 வீதத்துக்குக் கிட்ட இருக்கும். உங்கட கடையில ஹோமோ மில்க் எண்டு விக்கிற பாலில 3.25 தான். அதோட அந்தப் பாலில கொழுப்பைப் பொடியா உடைச்சுக் கலந்துவிட்டிருப்பாங்க, அது திரும்ப மேல மிதந்து வராது. தயிர் முட்டி வாயில ஆடை கட்டுறது கொழுப்பு மேல வாறதாலதானே. சின்னனில நீயும் தங்கச்சியும் சண்டை பிடிக்கிற அந்த ஆடை வேணுமெண்டா ஹோமோஜினைஸ் பண்ணாத பால் தேடி வாங்கு, போத்தலில எழுதியிருக்கும். விலை கூட, ஆனா ஒருக்கா எண்டாலும் செஞ்சு பார்.

நாலு லீட்டர் பால் உங்களுக்கு மூணு பையா வரும், ஒரு பை 1.33 லீட்டர். ஒரு பை எடுத்தா ரெண்டு பேருக்கு மூணு நாளைக்குக் காணும். பால் குளிரா இருக்கக்குள்ளயே முழுக் கொழுப்புப் பால்மா 5 மேசைக்கரண்டி போட்டுக் கட்டியில்லாமக் கரை. அடி தடிச்ச சட்டியில வைச்சுப் பொங்கி வரக்குள்ள நெருப்பைக் குறைச்சு, 20 நிமிசம் கிண்டிக்கொண்டு நில். இந்த 20 நிமிசத்தை விட்டுப்போட்டுத்தான் தயிர் தண்ணியாப் போச்சு எண்டு ஆக்கள் சொல்லுறது. கடைப் பால் ஏற்கெனவே காய்ச்சினதுதானே எண்டு நினைக்காத. அந்தச் சூடு கிருமி சாகக் காணும். பாலில இருக்கிற புரதம் தண்ணியைப் பிடிச்சு வைச்சு இறுக வேணுமெண்டா 85 பாகைக்கு மேல கொஞ்ச நேரம் நிக்க வேணும்.

மறுகா இறக்கி ஆற விடு. வெப்பமானி இருந்தா 43 பாகை. இல்லாட்டி சுண்டுவிரலை விட்டுப் பத்து எண்ணு. விரலைப் பொறுக்க ஏலாம எடுத்தா இன்னும் ஆற வேணும், சூடே தெரியல்ல எண்டா கூட ஆறிட்டு, கொஞ்சம் சூடாக்கு. கொதிக்கக் கொதிக்க உறை விட்டா உறை செத்திரும், விடிய எழும்பிப் பார்த்தா பால் பாலாவே கிடக்கும்.

உறைக்கு வெறும் யோகட் வாங்கு. டப்பாவைத் திருப்பி வாசி. பாலும் உயிருள்ள பக்டீரியாவும் மட்டும் இருந்தாச் சரி. ஜெலட்டின், பெக்டின், மாச்சத்து சேர்த்ததை விடு, அதெல்லாம் இறுக்கத்துக்குப் போடுறது. ஒரு பைப் பாலுக்கு ரெண்டு மேசைக்கரண்டி உறை, அதையும் ஒரு கோப்பைப் பாலில கரைச்சுப் பிறகு ஊத்து. கூட விட்டா கெதியா உறையும் எண்டு விடாத. புளிச்சு, மணல் மணலா வந்து, தண்ணி விட்டிரும்.

உன்னட்ட முட்டி இல்ல, தெரியும். மண்சட்டி கண்டா வாங்கு. மண் தயிரில உள்ள தண்ணியைக் கொஞ்சங் கொஞ்சமா உறிஞ்சி வெளியால கசிய விடும், அதாலதான் எங்கட தயிர் கவிழ்த்தாலும் விழாம நிக்குது. புதுச் சட்டியை ஒரு ராத்திரி தண்ணியில போட்டு, அடுத்த நாள் சோத்துக் கஞ்சி ஊத்திக் காய்ச்சி, கழுவிக் காயவைச்சுத்தான் பாவிக்க வேணும். இல்லாட்டி மண் வாசம் அடிக்கும். கிடைக்காட்டி கண்ணாடிக் கிண்ணம் போதும்.

உறை விட்டதும் மூடி, கேக் சுடுற அவனுக்குள்ள வை. அவனைப் போடாத, உள் வெளிச்சத்தை மட்டும் போடு. பழைய குண்டு பல்ப் எண்டா அந்தச் சூடே காணும். உன்ட அவன் புதுசு, எல்.ஈ.டி. வெளிச்சம் எண்டா சூடு வராது. அப்ப பக்கத்தில ஒரு சட்டி கொதிதண்ணி வை, மூணு மணித்தியாலத்தில தண்ணியை மாத்து. ஆறில இருந்து எட்டு மணித்தியாலம். இடையில தூக்கி ஆட்டிப் பார்க்காத. தயிருக்குள்ள ஒருக்கா வெடிப்பு விழுந்தா தண்ணி விட்டுக்கொண்டே இருக்கும். உறைஞ்சாப்பிறகு நாலு மணித்தியாலம் ஃபிரிஜ்ஜில வைச்சுத்தான் கரண்டி போட வேணும்.

இது எல்லாம் ரெண்டு பேருக்கு. ஒராளுக்கு அரை லீட்டர் எண்டா முறை வேற. கொஞ்சப் பால் கெதியாச் சூட்டை விடும், உறைய முதல் ஆறிப்போகும், நூல் மாதிரி இழுபடும். அப்பிடியெண்டா கிண்ணத்தைத் துவாயால சுத்தி, கை பொறுக்கிற சூட்டுத் தண்ணி உள்ள பெரிய சட்டிக்குள்ள இறக்கி அவனுக்குள்ள வை. உறை முக்கால் மேசைக்கரண்டி, பால்மா ரெண்டு. எந்த அளவு உனக்குத் தேவையெண்டு தெரியாமத்தான் ரெண்டையும் எழுதிவிடுறன்.

தயிர் இஞ்சயும் முந்தின மாதிரி இல்ல. பெரும்போகம் விதைச்சா மாடுகளை வயல் பக்கம் விட ஏலா, மேய்ச்சல் தரைக்குத்தான் கொண்டுபோக வேணும். மயிலத்தமடு, மாதவனைத் தரைக்காகப் பண்ணையாளர் 2023ல போராட்டம் தொடங்கினது உனக்குத் தெரியும்தானே. தரை இல்லாட்டிப் பால் இல்ல, பால் இல்லாட்டி முட்டி கவிண்டுதான் கிடக்கும்.

புட்டுக்கும் சொல்லிவிடுறன். ஒரு சுண்டுப் பேணி வறுத்த சிவப்பரிசி மா, அரைத் தேங்காய்ப் பூ, உப்புக் கரைச்ச தண்ணி. தண்ணியை ஒரேயடியா ஊத்தாமத் தெளிச்சுத் தெளிச்சுக் குழை. கையில பிடிச்சா நிக்க வேணும், விரலால தொட்டா உதிர வேணும், அதுதான் பதம். கட்டி கிடந்தா சுண்டு விளிம்பால கொத்து. ஐஸ் தேங்காய்ப் பூ எண்டா முழுசா இளகவிட்டுத் தண்ணியைப் பிழிஞ்சு போடு. இளகாமப் போட்டா குழலுக்குள்ள போய்த் தண்ணி விட்டுப் புட்டு களியாப் போகும். ஆவி மேலால வந்தபிறகு ஆறு நிமிசம். மிஞ்சினதை அடுத்த நாள் தயிர், வாழைப்பழம், பனங்கட்டி போட்டுப் பிசைஞ்சு தின். பனங்கட்டி பார்சலில வரும். பாணி இந்த முறை இல்ல, போத்தல் உடைஞ்சா தூளும் போகும்.

ஒராளுக்கு ஆர் மாக் குழைக்கிறது எண்டு பஞ்சிப்பட்டுப் பாணைத் தின்டிட்டுப் படுக்காத. உங்கட மணிக்கூட்டைப் பின்னுக்கு மாத்திட்டாங்க, அஞ்சு மணிக்கே இருட்டிரும் எண்டு சொன்னாய். இருட்டுற வீட்டில அடுப்பு எரிய வேணும் மனே. ஒரு நாளைக்கு ஒரு சட்டி எண்டாலும் அடுப்பில வை. சோறு வை, பருப்பு வை, எதையாவது வை.

உன்னைப் பத்தி ஆர் கேட்டாலும் நான் தலை நிமிந்துதான் சொல்லுவன். தங்கச்சிக்கு வீடு கட்டிக் குடுத்தது நீ. மாசம் பிறந்தா ஒண்டாம் தேதி காசு வந்திரும், ஒரு மாசமும் பிந்தினது இல்ல. காசோட ஒரு சொல்லும் வந்தா நல்லம். முந்தி அரை மணித்தியாலம் கதைப்பாய், இப்ப "சாப்பிட்டன், சுகம்" எண்டு ரெண்டு சொல்லோட வைக்கிறாய். என்னத்தைச் சாப்பிட்டாய் எண்டு கேட்டா கோபம் வருது. போனைச் சுவருக்கு நேரா வைச்சுக் கதைக்கிறாய், குசினியை நான் கண்டு எவ்வளவு காலம். போன வெள்ளி கோயிலடியில உன்ட மாமியைக் கண்டன். மருமகள் சுகமா எண்டு கேட்டன். "சுகம் மச்சாள்" எண்டு சொல்லிப்போட்டு மழை வருது எண்டு கிறுகிப் போயிட்டா. மழை இல்ல அப்ப. நான் மேல கேக்கல்ல, உன்னட்டயும் கேக்கல்ல.

தனியாச் சமைக்கிறதெண்டா அதில வெக்கம் ஒண்டும் இல்ல. அரைச் சுண்டுக்கும் ஒரு அளவு இருக்கு, நான் சொல்லித் தருவன். ரெண்டு பேருக்கெண்டா மருமகளுக்குப் பிடிச்ச கூனியும் வறுத்து வைக்கிறன், அவவுக்கெண்டு தனியாக் கட்டி விடுவன். எதெண்டாலும் அப்பாட்டச் சொல்ல மாட்டன், அவருக்கு இப்ப பிரஷர் கூட.

பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். நீ வேலையால வாற ஆறு மணி எங்களுக்கு விடிய நாலரை. நான் அப்ப எழும்பித்தான் இருப்பன், நித்திரையைக் குழப்புறன் எண்டு நினைக்காம எடு. சாப்பிட்டுப்போட்டு எடு.

கார்கோவுக்குச் சாமான் எடுக்கிற தம்பி வாற வெள்ளி வாறான். வியாழனுக்கு முதல் தூள் ஒரு கிலோவா ரெண்டு கிலோவா எண்டு மட்டும் சொல்லு. தயிர் உறைஞ்சாலும் உறையாட்டியும் கரண்டி போட்ட இடத்தைப் படம் எடுத்து அனுப்பு. மேலால தண்ணி நிக்குதா, நூல் இழுக்குதா, மணலா இருக்கா எண்டு பார்த்தா எந்த இடத்தில பிழைச்சது எண்டு உடன சொல்லுவன்.

அன்புடன்
அம்மா