நுண்மணிச் செம்பை ஆராய்பவர்களுக்கு: முழு வளைவையும் காட்டுங்கள்

உலோகவியல் துறைப் பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம்.

இழுவிசைச் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன் நான். ஈக்கேப் முறையில், அதாவது வளைந்த தடத்தின் வழியே தள்ளி உலோகத்தின் மணிகளை (உள்ளிருக்கும் சிறு படிகங்களை) நுண்ணியதாக்கும் முறையில், அழுத்திய செம்பைக் கொண்டுவரும் மாணவர்கள் முதலில் கேட்பது, "சார், ஈல்டு எவ்வளவு வந்திருக்கு?" என்றுதான். உலோகம் நிரந்தரமாக நீளத் தொடங்கும் இழுவிசை அளவுதான் ஈல்டு; அது 380 மெகாபாஸ்கல் என்றால் முகம் மலர்ந்துவிடும். அனீல் செய்த (சூடாக்கி மென்மையாக்கிய) செம்பு 60, 70-லேயே இளகிக் கொடுத்துவிடுவதால், "ஐந்து மடங்கு வலிமை" என்று கட்டுரைச் சுருக்கத்தில் ஏறிவிடுகிறது. அந்த ஒற்றை எண்ணோடு நிறுத்தாதீர்கள், இழுவிசைக்கு ஏற்ப நீட்சி எப்படி மாறுகிறது என்று காட்டும் வளைவு முழுவதையும் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பு எனக்குத் தெரியும். மாலிப்டினம் டைசல்பைடு பூசிய தண்டை எல் வடிவத் தடம் உள்ள டைக்குள் (அச்சுக்குள்) தள்ளுகிறீர்கள். 90 டிகிரி திருப்பத்தில் உலோகம் முழுக்கச் சறுக்குண்டு, நுழைந்த அதே தடிமனில் வெளியே வருகிறது. தடிமன் குறையாததால்தான் தண்டைச் சுழற்றி மறுபடியும் உள்ளே விட முடிகிறது. எட்டுத் தடவை போனால் மணிகள் 200, 300 நானோமீட்டருக்கு இறங்கிவிடுகின்றன. 1970-களில் பெலாரஸின் மின்ஸ்கில் சீகல் என்ற ஆய்வாளர் உருவாக்கிய வழி இது. 1990-களில் ரஷ்யாவின் ஊஃபாவில் வலியெவ் என்ற ஆய்வாளரின் குழுவினர் நுண்மணி உலோகங்களுக்காக அதை வளர்த்தெடுத்தார்கள். மின்கடத்தலில் சில சதவீதம்தான் இழப்பு. அருமையான பொருள், சந்தேகமே இல்லை.

ஆனால் ஒப்பீடு யாரோடு? நன்றாக இழுத்துக் கடினமாக்கிய சாதாரணக் காப்பர் கம்பியே 300 மெகாபாஸ்கலைத் தாண்டும். ஈக்கேப் செம்பை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து மடங்கு காணாமல் போய்விடும்.

அடுத்தது நீட்சி. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். அழுத்திய செம்பை இழுத்தால் வளைவு விறுவிறுவென்று மேலே ஏறி, ஒன்றிரண்டு சதவீத நீட்சியிலேயே உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்குகிறது. அங்கேயே கழுத்து விழுந்தாயிற்று, அதாவது ஓரிடம் மட்டும் மெலியத் தொடங்கிவிட்டது. அவ்வளவு சிறிய மணிக்குள் டிஸ்லொகேஷன்கள் (படிக அடுக்கில் உள்ள கோட்டுக் குறைகள்) தங்கிச் சேர இடமில்லை. மணி எல்லைகளே அவற்றை விழுங்கிவிடுகின்றன. இழுக்க இழுக்க இறுகும் குணம் போய்விட்டதால், எங்கே கொஞ்சம் மெலிகிறதோ அந்த இடமே மேலும் மெலிகிறது. உடைந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், கழுத்து ஊசிபோலக் கூம்பியிருக்கும். மற்ற இடமெல்லாம் கிட்டத்தட்ட முதலில் இருந்த மாதிரியே இருக்கும்.

இந்த மாதிரி செம்புக்கும் "20 சதவீத நீட்சி" என்று எழுத வழி இருக்கிறது. சின்னஞ்சிறு சாம்பிள் வெட்டினால் போதும். கழுத்துப் பகுதி மட்டும் 1 மில்லிமீட்டர் நீண்டது என்று வையுங்கள். 25 மில்லிமீட்டர் கேஜில் (நீட்சியை அளக்கும் நீளத்தில்) அது 4 சதவீதம். அதே குறுக்களவில் கேஜ் 5 மில்லிமீட்டர் என்றால் 20 சதவீதம். உலோகம் ஒன்றுதான், எண்தான் வேறு. தண்டே சிறியது, பெரிய சாம்பிள் எடுக்க முடியாது என்கிறீர்கள். சரி, சிறியதையே எடுங்கள். சாம்பிள் அளவையும் சீரான நீட்சியையும் (கழுத்து விழுவதற்கு முந்தைய நீட்சியையும்) சேர்த்துப் போடுங்கள்.

2002-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு என்ன செய்தது என்று நினைத்துப் பாருங்கள். திரவ நைட்ரஜன் குளிரில் செம்பை உருட்டி, 200 டிகிரியில் 3 நிமிடம் மட்டும் சூடாக்கினார்கள். நுண்மணிகளுக்கு நடுவே நான்கில் ஒரு பங்கு பெரிய மணிகள் வளர்ந்தன. வலிமை பெருமளவு தங்கியது; சீரான நீட்சியும் 30 சதவீதம் வந்தது. வலிமை எண்ணில் மட்டும் கண் வைத்திருந்தால், அந்தக் கொஞ்ச நேர அனீலிங்கை யாரும் தேடிப் போயிருக்க மாட்டார்கள்.

அப்புறம், உங்கள் செம்பு சும்மா இருக்காது. ஒரே அளவு திரிபில் (நீள மாற்றத்தில்) மாற்றி மாற்றி இழுத்து அழுத்தினால் சுற்றுக்குச் சுற்று இளகும். மணிகள் பருத்து, சறுக்குப் பட்டைகள் தோன்றும். மிகத் தூய செம்பு என்றால் அலமாரியில் வைத்திருக்கும்போதே, அறை வெப்பநிலையிலேயே மணி வளர்ந்து கடினம் குறைவதும் உண்டு. அதனால் செம்பின் தூய்மை எவ்வளவு, அழுத்தியது என்றைக்கு, சோதித்தது என்றைக்கு என்பது கட்டுரையில் இருக்க வேண்டும். பல கட்டுரைகளில் இதைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், கிடைப்பதில்லை.

ரயிலின் மேல்நிலை மின்கம்பிக்கு இதைப் பயன்படுத்தலாமா என்று யோசிக்கும் ஒரு பொறியாளர் உங்கள் கட்டுரையைத் திறக்கிறார் என்று வையுங்கள். அவருக்குத் தேவை முழு வளைவு, சாம்பிள் வரைபடம், கடின இழுப்புச் செம்போடு ஒப்பீடு, களைப்புச் சோதனை (திரும்பத் திரும்ப விசை கொடுத்துப் பார்ப்பது) ஒன்றாவது. வழிகாட்டிகளே, ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். மாணவர்களே, அடுத்த முறை சோதனைக்கு வரும்போது மூல டேட்டா ஃபைலையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். தருவதற்கு நாங்கள் தயார்.

அன்புடன்,
இழுவிசைச் சோதனைக்கூட ஊழியர் ஒருவர்