காசு வாங்குறதுக்கு முன்னாடி கணக்க சொல்லுங்க: ஃபேன் கிளப் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். காசுக்கு ஃபேன் கிளப் மெம்பர்ஷிப் விக்கிற மேனேஜ்மென்ட் கம்பெனிகள், அதுக்குன்னே ஆப் நடத்துறவங்க, டூர் டிக்கெட்ட யாருக்கு எவ்வளவுன்னு பிரிக்கிற ப்ரமோட்டர்கள், உங்க எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதுறேன்.

நான் காசு கட்டி மெம்பரா இருக்கற ஆளு, ஒண்ணுக்கு மேற்பட்ட பேண்டுக்கு, பல வருஷமா. புதுசா ஒரு பேண்ட் மேல பைத்தியமாகி வர்ற பசங்க என்கிட்ட கேக்குறது ஒரே கேள்விதான், "அண்ணா மெம்பர்ஷிப் எடுக்கலாமா, காசுக்கு வொர்த்தா?" எந்த ஆல்பத்துல ஆரம்பிக்கணும், எந்த டூரோட லைவ் நல்லா இருக்கும்னு கேட்டா ராத்திரி முழுக்க பேசுவேன், இந்த கேள்விக்கு மட்டும் என்னால நேரா ஒரு பதில் சொல்ல முடியல. ஏன்னா அதுக்கு ரெண்டு நம்பர் வேணும். உங்க கிளப்புல இன்னைய தேதிக்கு காசு கட்டின மெம்பர் எத்தன பேரு, ஒரு ஷோவுல மெம்பருக்குன்னு நீங்க ஒதுக்குற சீட் எத்தன. ரெண்டும் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கு, ஆனா சேரும்போது எங்க கண்ணுல காட்டுறதே இல்ல.

நாங்க எதுக்கு மெம்பர்ஷிப் வாங்குறோம்னு உங்களுக்கே நல்லா தெரியும். கார்டு, வால்பேப்பர், பர்த்டே மெசேஜ், மேடைக்கு பின்னாடி எடுத்த வீடியோ எல்லாம் சந்தோஷம்தான், வேணாம்னு சொல்லல, ஆனா நெறைய பேரு கட்டுறது ப்ரீசேலுக்காகத்தான் (பொது விற்பனைக்கு முன்னாடியே மெம்பருக்குன்னு டிக்கெட் விக்கிறது), உங்க விளம்பரத்துலயும் மொத வரி அதுதான். கீழ சின்ன எழுத்துல டிக்கெட்டுக்கு உத்தரவாதம் கிடையாதுன்னு போட்டுருப்பீங்க. அதுகூட சரிதான், எந்த கிளப்பாலயும் எல்லாருக்கும் சீட் குடுக்க முடியாது, அது எங்களுக்கும் புரியும். ஆனா நீங்க விக்கிறது ஒரு வாய்ப்புன்னா அது எவ்வளவு பெரிய வாய்ப்புன்னு வாங்குறவனுக்கு தெரியணும்ல?

ஒரு கணக்கு போட்டு பாப்போம். 15,000 பேர் உக்கார்ற அரங்கம்னு வச்சுக்கோங்க. மேடை மறைக்கிற சீட்ட கழிச்சு, ஸ்பான்சருக்கு, ஆர்ட்டிஸ்ட்டோட கெஸ்ட்டுக்கு, விஐபி பேக்கேஜுக்கு, கிரெடிட் கார்டு கம்பெனி ப்ரீசேலுக்கு, ப்ரமோட்டரோட சொந்த ப்ரீசேலுக்கு, அப்புறம் பொது விற்பனைக்குன்னு பிரிச்சு பிரிச்சு ஃபேன் கிளப்புக்கு 1,500 சீட் வருதுன்னு வச்சுக்குவோம். ஆளுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தா 750 பேரோட முடிஞ்சுது. அந்த ஷோவுக்கு முயற்சி பண்ற மெம்பர் 3,000 பேர்னா நாலு பேர்ல ஒருத்தருக்கு கெடைக்கும். 30,000 பேர்னா 40 பேர்ல ஒருத்தருக்குத்தான். ரெண்டு இடத்துலயும் கட்டின காசு ஒண்ணுதான், வாங்கின பொருள் மட்டும் பத்து மடங்கு சின்னதாயிடுச்சு.

எனக்கு ரொம்ப உறுத்துற விஷயம் இதுக்கு அடுத்தது. புதுசா சேர்ற ஒவ்வொரு மெம்பரும் ஏற்கனவே உள்ள இருக்கறவங்களோட வாய்ப்ப கொஞ்சம் கொறைக்கிறாங்க. அது அவங்க தப்பு இல்ல, அவங்களும் நம்மள மாதிரி ஆசைப்பட்டு வர்றவங்கதான். ஆனா டூர் அறிவிக்கிற அன்னைக்கே "இப்பவே சேருங்க, ப்ரீசேல்ல கலந்துக்குங்க"ன்னு மெயில் அனுப்பி, ப்ரீசேலுக்கு மொத நாள் வரைக்கும் எத்தன பேர் வந்தாலும் சேத்துக்கிட்டே இருக்கறது நீங்க. சீட் அதே 1,500, வசூல் மட்டும் ஏறிக்கிட்டே போகுது. வருஷக்கணக்கா கட்டிட்டு வந்தவனும் நேத்து ராத்திரி கட்டினவனும் ஒரே க்யூவுல நிக்கிறான்.

2005ல யூ2 பேண்டுக்கு இதுதான் நடந்துச்சு. அவங்க வெப்சைட்ல 40 டாலர் கட்டி மெம்பரானவங்களுக்கு டூர் ப்ரீசேல்னு சொன்னாங்க, அது வந்தப்போ பழைய ரசிகர்கள்ல நெறைய பேருக்கு டிக்கெட் கெடைக்கல, அதே நேரத்துல டிக்கெட் ரீசேல்ல ஏகப்பட்ட வெலைக்கு ஓடிட்டு இருந்துச்சு. கடைசில அந்த வருஷம் பிப்ரவரி கிராமி மேடையிலயே டிரம்மர் லாரி மல்லன் ரசிகர்கள்கிட்ட மன்னிப்பு கேட்டாரு. அவரு கேட்டத நான் மதிக்கிறேன். ஆனா 20 வருஷம் தாண்டியும் எத்தனையோ கிளப்புல இதே ஏற்பாடுதான் ஓடுது.

2022 நவம்பர்ல டெய்லர் ஸ்விஃப்ட் டூர் விற்பனையில என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அது காசு வாங்காத பதிவு, இருந்தாலும் இங்க சொல்றேன், ஏன்னா அங்கதான் கணக்கு வெளிய வந்துச்சு. 35 லட்சம் பேர் ப்ரீசேலுக்கு பேரு பதிவு பண்ணாங்க, 15 லட்சம் பேருக்கு டிக்கெட் வாங்குறதுக்கான கோட் போச்சு, மீதி 20 லட்சம் பேர் வெயிட்டிங் லிஸ்ட்ல. சிஸ்டம் திணறி, பொது விற்பனையே ரத்தாகி, 2023 ஜனவரில அமெரிக்க செனட் கமிட்டி வரைக்கும் போச்சு. அந்த 35 லட்சம்ங்குற நம்பர டிக்கெட் வித்த டிக்கெட்மாஸ்டர் கம்பெனி சொன்னது எல்லாம் முடிஞ்சு குழப்பம் ஆனதுக்கு அப்புறம்தான். அதே நம்பர் ஒரு வாரம் முன்னாடி தெரிஞ்சிருந்தா எத்தனையோ பேரு லீவு போட்டுட்டு லேப்டாப் முன்னாடி காலையில இருந்து உக்காந்திருக்க மாட்டாங்க. காசு வாங்காத இடத்துலயே இப்படின்னா காசு வாங்குற நீங்க எவ்வளவு பொறுப்பா இருக்கணும்?

காசு வாங்கினாத்தான் பிளாக்ல விக்கிறவன் உள்ள வராம இருப்பான்னு நீங்க சொல்லுவீங்க. இத நான் ரொம்ப யோசிச்சு பாத்துட்டேன், ஒத்துக்க முடியல. பிளாக்ல விக்கிறவனுக்கு மெம்பர்ஷிப் கட்டணம் ஒரு முதலீடு, ஒரே ஒரு டிக்கெட்ட நாலு மடங்குக்கு வித்தா அது மொத்தமும் திரும்பி வந்துடும், அவன் பத்து பேர்ல பத்து மெம்பர்ஷிப் கூட எடுப்பான். எங்களுக்கு அந்த காசு திரும்ப வராது. ஆக அந்த கட்டணத்தோட பாரம் முழுசா ரசிகன் தலையிலதான் விழுது. பிளாக்ல விக்கிறவன தடுக்கணும்னா வழி இருக்கு, டூர் அறிவிக்கிறதுக்கு முன்னாடி சேந்தவங்களுக்கு மட்டும் ப்ரீசேல், டிக்கெட்ல மெம்பர் பேரு, கேட்ல அடையாள அட்டை, போக முடியலன்னா வாங்கின வெலைக்கே திருப்பிக் குடுக்குற வசதி. ஜப்பான்ல பெரிய ஷோக்கள்ல டிக்கெட்ல பேர் போட்டு ஐடி பாக்குறது பல வருஷமா நடக்குது, 2019 ஜூன்ல இருந்து லாபத்துக்கு மறுவிற்பனை பண்றதுக்கு எதிரா தனி சட்டமே அங்க இருக்கு.

ஜப்பான்னு சொன்னதும் அராஷி ஞாபகம் வருது. அந்த பாட்டு குரூப்போட ஃபேன் கிளப்புல மெம்பர் 20 லட்சத்துக்கும் மேல இருந்தாங்க. 2020 கடைசியோட நிறுத்திக்கிறோம்னு 2019 ஜனவரில அவங்க அறிவிச்சாங்க. 2018 நவம்பர்ல இருந்து 2019 டிசம்பர் வரைக்கும் நடந்த அந்த டோம் டூர் மொத்தம் 50 ஷோ, 23 லட்சத்துக்கு மேல ஆளு பாத்தாங்க. அவ்வளவு மெம்பர் இருக்கற கிளப்புக்கு இந்த அளவுக்கு ஷோ போட்டாத்தான் கணக்கு ஓரளவுக்காவது கிட்ட வரும், பத்து பதினஞ்சு ஷோ போட்டுட்டு மெம்பர்களுக்கு முன்னுரிமைன்னு சொன்னா அந்த முன்னுரிமையில ஒண்ணும் இருக்காது.

சரியா பண்றவங்களும் இருக்காங்க, அத சொல்லாம விட்டா நியாயம் இல்ல. பேர்ல் ஜாம் பேண்டோட டென் கிளப்ப எடுத்துக்கோங்க, மெம்பர் நம்பர் எவ்வளவு பழசோ அவ்வளவு நல்ல சீட், வருஷக்கணக்கா கூடவே நின்னவனுக்கு அதுக்கு ஒரு மரியாதை. குறிப்பிட்ட தேதிக்குள்ள மெம்பரா இருந்திருக்கணும்னு கட்டுப்பாடும் வைப்பாங்க. 1991ல இருந்து மெம்பர்களுக்குன்னே கிறிஸ்துமஸ் ரெக்கார்டு அனுப்புற வழக்கமும் அவங்ககிட்ட இருந்துச்சு, 1998ல ஒரு பழைய பாட்ட அவங்க திரும்ப பாடி அப்படி அனுப்பினது ரேடியோகாரங்க கையில சிக்கி அடுத்த வருஷம் அமெரிக்காவோட பில்போர்டு ஹாட் 100 பாட்டு லிஸ்ட்ல ரெண்டாவது எடம் வரைக்கும் போச்சு! ஊரே கேக்குறதுக்கு முன்னாடி அது மெம்பர் வீட்டு தபால் பெட்டியில வந்து விழுந்திருக்கு, அந்த சந்தோஷத்துக்கு என்ன வெல போடுவீங்க?

அதுக்கும் முன்னாடி பீட்டில்ஸ். 1963ல இருந்து 1969 வரைக்கும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நாலு பேரும் பேசி, பாடி, கிண்டலடிச்சு பதிவு பண்ணின மெல்லிசான பிளாஸ்டிக் ரெக்கார்ட கிளப் மெம்பர்களுக்கு அனுப்புனாங்க, கடைல கெடைக்காது. டிக்கெட் கெடைச்சுதோ இல்லையோ, வருஷத்துக்கு ஒரு தடவை மெம்பர் கையில நிச்சயமா ஒண்ணு வந்துச்சு. நான் கேக்குறதும் அந்த நிச்சயத்ததான். மெட்டாலிகா இன்னொரு வழியில போனாங்க, காசு கட்டி சேர்ற கிளப்பா இருந்தத இலவசமாக்கிட்டாங்க. காசு வாங்காம நடத்த முடியாதுன்னு எல்லாராலயும் சொல்லிட முடியாது.

மெம்பர்ஷிப்போட பார்சல்ல அனுப்புற கிட் பத்தி ரொம்ப பேச மாட்டேன். ஆனா கிட் வெலைய விட தபால் செலவும் கஸ்டம்ஸும் அதிகமா வர்ற தேசங்கள்ல இருக்கற ரசிகர்களுக்கு, அந்த மொத்த தொகை எவ்வளவுன்னு காசு கட்டுற பக்கத்துலயே காட்டுங்க, பார்சல் வந்து எறங்குனதுக்கு அப்புறம் தெரிய வேணாம். டூரே எட்டிப் பாக்காத எடத்துல இருக்கறவங்களுக்கு ப்ரீசேல் இல்லாத ஒரு கொறஞ்ச வெல மெம்பர்ஷிப் தனியா வைங்க.

அப்புறம் இடைவெளி வருஷங்கள். பேண்ட் ஓய்வெடுக்கலாம், உடம்பு சரியில்லாம போகலாம், ராணுவத்துக்கு போகலாம். பிடிஎஸ் 2022 ஜூன்ல குரூப்பா செய்யிற வேலைகள தள்ளி வைக்கிறதா சொன்னாங்க, ஏழு பேரும் கொரியாவோட கட்டாய சேவை முடிச்சு வெளிய வந்தது 2025 ஜூன்ல. அந்த மூணு வருஷமும் குரூப் டூர் இல்லன்னு நல்லா தெரிஞ்சும் புதுப்பிச்சுக்கிட்டே இருந்த ரசிகர்கள் உலகம் முழுக்க உண்டு. அவங்கள யாரும் ஏமாத்தல, தெரிஞ்சேதான், அன்புலதான் கட்டுனாங்க. அந்த அன்ப எந்த கிளப்பா இருந்தாலும் கணக்குல எடுத்துக்கணும்னு நான் நெனைக்கிறேன். டூர் இல்லாத வருஷத்துல கட்டினவங்களுக்கு அடுத்த டூர்ல ஒரு நாள் முன்னாடியே ப்ரீசேல் தொறந்து விடுங்க, இல்லன்னா அந்த வருஷத்த இலவசமா நீட்டிக்கிட்டு போங்க. ரெண்டுமே செய்ய முடியாத விஷயம் இல்ல, மெம்பர் சேந்த தேதி உங்ககிட்ட இருக்கு, ஒரு ஃபில்டர் போட்டா போதும்.

தானா புதுப்பிக்கிற ஆட்டோ ரெனியூவல எல்லா மெம்பருக்கும் ஆஃப்ல வைங்க. வேணும்ங்குறவன் ஆன் பண்ணிக்கட்டும்.

ஃபுட்பால்ல பார்சிலோனா கிளப்ப பாக்கும்போது எனக்கு எப்பவும் ஒரு ஏக்கம் வரும். அங்க காசு கட்டுற மெம்பர்தான் கிளப்போட சொந்தக்காரன், தலைவர ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்குறான். ஒரு பேண்ட அப்படி ரசிகர்கள் கையில குடுக்க முடியாது, குடுக்கவும் கூடாது, பாட்டு அவங்களோடது. ஆனா ரசிகர்கள் சேந்து சத்தமா கேட்டா முடிவு மாறும்னு அதே ஃபுட்பால் காட்டியிருக்கு, 2016 பிப்ரவரில லிவர்பூல் ரசிகர்கள் 77 பவுண்டு டிக்கெட்ட எதிர்த்து 77வது நிமிஷத்துல ஆயிரக்கணக்குல எழுந்து வெளிய நடந்தாங்க, சில நாள்லயே கிளப் ஓனருங்க அந்த வெலைய வாபஸ் வாங்குனாங்க. நாங்க அந்த மாதிரி நடந்து வெளிய போக கூட முடியாது, மொதல்ல உள்ள வர டிக்கெட் வேணுமே.

இப்போதைக்கு என்கிட்ட கேக்குற பசங்களுக்கு நான் இப்படித்தான் சொல்றேன். டிக்கெட் ஒண்ணு கூட கெடைக்கலன்னாலும் அந்த வருஷம் உன் கைக்கு வர்றது உனக்கு போதுமான்னு பாரு, போதும்னா எடு, டிக்கெட்டுக்காக மட்டும்னா கணக்கு தெரியாம எடுக்காத. சேமிப்பு எல்லாத்தையும் போட்டு ஒரே பேண்ட் பகுதி பகுதியா தனித்தனியா விக்கிற மெம்பர்ஷிப்ப மூணு பகுதிக்கும் எடுக்குறேன்னு நிக்கிற புள்ளைங்கள நான் பாத்திருக்கேன், அவங்கள தடுக்கும்போது எனக்கு மனசு கஷ்டமா இருக்கு, ஏன்னா அந்த பேண்ட அவங்களுக்கு எவ்வளவு புடிக்கும்னு எனக்கு தெரியும். அவங்கள நான் தடுக்குற நெலமைக்கு நீங்க விட்டிருக்க கூடாது.

அடுத்த ரெனியூவல் மெயில் அனுப்பும்போது, காசு கட்டுற பட்டனுக்கு மேல இத எல்லாம் போட்டு அனுப்புங்க: இன்னைய தேதிக்கு மொத்த மெம்பர் எத்தன, போன டூர்ல ஒவ்வொரு ஷோவுக்கும் மெம்பருக்குன்னு ஒதுக்கின சீட் எத்தன, அதுக்கு முயற்சி பண்ண மெம்பர் எத்தன பேரு, அவங்கள்ல எத்தன பேருக்கு கெடைச்சுது, அடுத்த ப்ரீசேலுக்கு எந்த தேதிக்குள்ள சேந்திருக்கணும். நம்பர் மோசமா இருந்தாலும் பரவால்ல, போடுங்க. அத பாத்துட்டும் கட்டுறவங்க நெறைய பேர் இருப்போம்.

இப்படிக்கு,
இன்னும் மெம்பரா இருக்கற ஒரு ரசிகன்